பம்பரம் எடுத்த படம்

தெருவில் அவருக்குப் படக்காரர் என்று பேர். அவர் படம் எடுக்கிறவர் என்று தெரிந்த நாளிலிருந்து பால் ஊற்றுகிறவர், சைக்கிள் கடைக்காரர், எதிர்வீட்டுத் தையல்காரம்மா என்று ஆளாளுக்கு ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: "எப்ப சார் தியேட்டர்ல வருது?" ஆரம்பத்தில் பொறுமையாக விளக்கிக்கொண்டிருந்தார். இது ஆவணப்படம், நிஜ ஆட்களை வைத்து எடுப்பது, பாட்டு கிடையாது, சண்டை கிடையாது. "அப்ப யாரு பாப்பா?" என்பார்கள். பிறகு, "வரும், வரும்" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டப் பழகிக்கொண்டார்.

கல்யாண வீடியோ எடுத்துப் பிழைத்துக்கொண்டிருந்தவர்தான். ஒரு கல்யாணத்தில், எல்லாரும் மேடையைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், மண்டபத்துக்குப் பின்பக்கம் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த பெண்களைப் பார்த்துவிட்டார். கணுக்கால் வரை எச்சில் தண்ணீர். அதில் நின்றுகொண்டு அவர்கள் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். கேமராவை அந்தப் பக்கம் திருப்பியவர் திரும்பவும் மேடைக்கு வரவே இல்லை. பெண்ணைப் பெற்றவர் சட்டையைப் பிடித்துவிட்டார். அதோடு கல்யாண வீடியோ தொழிலுக்கு முழுக்குப் போட்டாயிற்று.

அதற்கப்புறம் கல்குவாரி ஆட்களைப் பற்றி ஒரு படம், சாக்கடையில் இறங்குகிறவர்களைப் பற்றி ஒன்று, சாலைக்காக வீடிழந்தவர்களைப் பற்றி ஒன்று. சங்க அலுவலகங்களிலும் கல்லூரி வகுப்பறைகளிலும், சில சமயம் தெருவில் வேட்டியைத் திரையாகக் கட்டியும் போட்டுக் காட்டுவார். பார்த்தவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து கையைப் பிடித்துக்கொள்வார்கள். அலமாரியில் சில கேடயங்கள் நின்றன. அடுப்பு எரிந்தது மனைவியின் சம்பளத்தில்தான். அவள் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் படுக்கை விரிப்புகளைச் சலவை செய்யும் கூடத்தில் வேலை பார்த்தாள். விடிவதற்குள் கிளம்பி, மத்தியானம் கை நிறைய பிளீச்சிங் வாடையோடு வந்து சேருவாள்.

பம்பரம் அவரிடம் உதவியாளராக வந்தபோது கல்லூரி முடித்த கையோடு வந்திருந்தாள். ஒரு இடத்தில் நிற்க மாட்டாள் என்பதால் அவர்தான் அந்தப் பேரை வைத்தார். முக்காலியைத் தூக்கினாள், மைக்கைப் பிடித்தாள், குவாரித் தூசியில் அவர் பின்னாலேயே இருமிக்கொண்டு நடந்தாள். சில வருஷம் கழித்து, "சார், நானே ஒண்ணு எடுத்துப் பாக்கட்டுமா?" என்று கேட்டபோது, "போம்மா, நல்லா பண்ணு" என்று மனசார வாழ்த்தித்தான் அனுப்பினார்.

அந்த மனசு கொஞ்ச நாளைக்குத்தான் தாங்கியது. அவளுடைய முதல் படத்துக்குப் பரிசு வந்தது. இரண்டாவது படம் கடல் தாண்டிப் போனது. அவர் மூன்று தடவை விண்ணப்பித்தும் கிடைக்காத உதவித்தொகை ஒன்று அவளுக்கு முதல் தடவையிலேயே கிடைத்தது. போன் போட்டு, "ரொம்ப சந்தோஷம்மா, எனக்கே கிடைச்ச மாதிரி இருக்கு" என்றார். போனை வைத்துவிட்டு, துடைக்கத் தேவையே இல்லாத லென்ஸுகளைச் சாயங்காலம் வரை துடைத்துக்கொண்டிருந்தார். காலையில் பல் விளக்குவதற்கு முன்னாலேயே போனில் அவள் பேரைத் தட்டி, புதிதாக என்ன வந்திருக்கிறது என்று பார்ப்பது பழக்கமாகிவிட்டது. ஒன்றும் இல்லாத நாளில் தேநீர் ருசித்தது.

அவருடைய சொந்தப் படம், சாயப்பட்டறைகளால் நிறம் மாறிப்போன ஒரு ஆற்றைப் பற்றியது, ஹார்ட் டிஸ்கில் தூங்கிக்கொண்டிருந்தது. யார் கேட்டாலும், "இன்னும் கொஞ்சம் எடுக்க வேண்டியிருக்கு" என்பார். ஆறு வற்றியே போய்விட்டது.

இப்படியிருக்கும்போது, மழை பிடித்துக்கொண்ட ஒரு முற்பகலில், பிளாஸ்டிக் பைக்குள் சுற்றிய லேப்டாப்போடு பம்பரம் வந்து நின்றாள்.

"சார், புதுப் படம். இன்னும் முடியலை, ஒரு மாதிரி கோத்து வச்சிருக்கேன். நீங்க பாத்துட்டுச் சொன்னாத்தான் எனக்கு நம்பிக்கை."

"எதைப் பத்தி?"

"அக்கா சொல்லலையா?" தலையைத் துவட்டிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள். "அக்கா வேலை பாக்குற சலவைக்கூடத்தைப் பத்தித்தான் சார். அக்காவும் பேசியிருக்காங்களே!"

"ஆமாமா, சொன்னா, சொன்னா" என்றார் படக்காரர். "நான்தான் மறந்துட்டேன்." அப்படி ஒரு வார்த்தை அவர் காதில் விழுந்ததே இல்லை.

மாடி அறையில் உட்கார்ந்து பார்த்தார்கள். லாரியிலிருந்து மூட்டை மூட்டையாக அழுக்கு விரிப்புகள் இறங்கின. பிரிக்கிற மேஜையில் பெண்கள் ஒவ்வொன்றாக உதறினார்கள். ஆளுயர இயந்திரங்கள் சுற்றின. ஆவிக்குள் முகங்கள் தெரிவதும் மறைவதுமாக இருந்தன. இரண்டு பேர் ஒரு விரிப்பின் முனைகளைப் பிடித்து இழுத்து, ஒரு அடி முன்னால் வந்து மடித்து, மறுபடி பின்னால் போய், மறுபடி முன்னால் வந்தார்கள். பேச்சே இல்லாமல் இதையே பார்த்துக்கொண்டிருக்கலாம் போலிருந்தது. குறை கண்டுபிடிக்க வேண்டும் என்று உட்கார்ந்திருந்த படக்காரருக்குக் கை பிசைவதைத் தவிர வேறு வழியில்லை. 'ஆவியில லென்ஸ் மூடிப்போகாம எப்படி எடுத்தா?' என்று மட்டும் மனசுக்குள் ஓடியது.

அப்புறம் திரையில் அவருடைய மனைவி வந்தாள்.

மூட்டைகள் அடுக்கிய சுவரோரம் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். தலையில் கட்டிய துணியை அவிழ்க்கவில்லை. வீட்டில் பேசுவதைவிடச் சற்று உரக்கப் பேசினாள்.

"விரிப்புக்குள்ள என்ன இருக்கும்னு சொல்ல முடியாதுங்க. பஞ்சு இருக்கும், டியூப் இருக்கும், ஒரு தடவை யாரோட பல்செட்டோ இருந்துச்சு, அதை வச்சு ரெண்டு நாள் சிரிச்சோம். அன்னைக்கு ஊசி இருந்துச்சு. கையுறை குடுப்பாங்க, பலூன் மாதிரி மெலிசா. சுருக்குன்னுச்சு. எந்த நோயாளிக்குப் போட்ட ஊசியோ. டாக்டரம்மா ரத்தம் எடுத்துப் பாத்துட்டு, இப்ப ஒண்ணும் இல்ல, ஆனா மூணு மாசம் கழிச்சு வா, ஆறு மாசம் கழிச்சு வா, அப்பத்தான் உறுதியாச் சொல்ல முடியும்னுட்டாங்க."

திரைக்குப் பின்னாலிருந்து பம்பரத்தின் குரல்: "வீட்டுல என்னக்கா சொன்னாங்க?"

"வீட்டுல சொல்லலையே. அவரு அப்ப வெளியூர்ல படம் எடுத்துக்கிட்டிருந்தாரு. எப்பவாச்சும் வருவாரு. வந்தா, பிள்ளைக்கு இருமல்னு சொல்லிட்டு நான் பிள்ளை பக்கத்துல போய்ப் படுத்துக்குவேன். அவர் குடிச்ச டம்ளர்கூட என் டம்ளரைச் சேத்துக் கழுவ மாட்டேன். அப்படியெல்லாம் ஒட்டாதுன்னு டாக்டரம்மா படிச்சுப் படிச்சுச் சொன்னாங்க. மனசு கேக்கணுமே? நான் ஏதோ கோவத்துல இருக்கேன்னு அவர் நினைச்சுக்கிட்டாரு. சரி, நினைக்கட்டும்னு விட்டுட்டேன். கோவம்னா நல்லதுதானே, யாரும் கிட்ட வந்து காரணம் கேக்க மாட்டாங்க."

படக்காரர் கையை நீட்டிப் படத்தை நிறுத்திவிட்டார்.

அந்த ஆறு மாதம் அவருக்கு நன்றாக நினைவிருந்தது. மகள் அப்போது பள்ளிக்கூடத்துப் பிள்ளை. இப்போது வெளியூர் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். வீட்டுக்கு வந்தால் மனைவி முகம் கொடுத்துப் பேசவில்லை என்று அவரும் முறுக்கிக்கொண்டு திரிந்தார். சம்பாதிக்காதவனுக்கு இவ்வளவுதான் மரியாதை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். குவாரிக்குத் திரும்பும்போது நிம்மதியாகக்கூட இருந்தது.

இதெல்லாம் பிறகு வந்த நினைப்பு. முதலில் வந்தது துக்கமில்லை. 'இது எப்படி இவளுக்குக் கிடைத்தது?' என்பதுதான் முதலில் வந்தது. இருபது வருஷமாக ஊர் ஊராக அலைந்து அவர் தேடிய மாதிரியான பேச்சு, சொந்த வீட்டுக்குள், அவர் சாப்பிட்ட தட்டுக்கு எதிரே உட்கார்ந்திருந்திருக்கிறது. அதை இந்தப் பெண் வந்து அள்ளிக்கொண்டு போய்விட்டாள்.

"சார்?" என்றாள் பம்பரம். "உங்களுக்குக் கஷ்டமா இருக்கும்னு தெரியும். ஆனா அக்கா உங்ககிட்டச் சொல்லியிருப்பாங்கன்னு..."

"இதை எடுத்துரு."

"சார்?"

"இவ பேசுறதை முழுசா எடுத்துரு. படம் வெளிய வந்தா இவ வேலை போயிரும். சலவையைக் காண்ட்ராக்ட் எடுத்திருக்கிறவன் சும்மா விடுவானா? நான் உனக்கு முதல் நாள் என்ன சொல்லிக்குடுத்தேன்? படம் பெருசா, ஆள் பெருசா?"

"ஆள்தான் சார்" என்றாள் பம்பரம் மெதுவாக. "ஆனா அக்கா யோசிச்சுதான் ஒத்துக்கிட்டாங்க. இன்னும் பதினோரு பேர் பேசியிருக்காங்க. அக்கா பேசினதாலதான் மத்தவங்களே பேசினாங்க."

"அவளுக்கு என்ன தெரியும்? நீதான் யோசிக்கணும். கேமராவை வச்சிருக்கிறவங்கதான் யோசிக்கணும்."

அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை. அதுதான் வசதியாக இருந்தது. பம்பரம் கொஞ்ச நேரம் திரையில் உறைந்து நின்ற முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "நீங்க சொன்னாச் சரியா இருக்கும் சார்" என்று லேப்டாப்பை மூடிப் பிளாஸ்டிக் பையில் சுற்றிக்கொண்டாள். மழை விடும்வரை இருந்துவிட்டுப் போ என்றுகூட அவர் சொல்லவில்லை.

மத்தியானம் மனைவி வந்தாள். சோறு வடித்து, முட்டை பொரித்து, இரண்டு தட்டில் போட்டு வைத்தாள். அவர் ஒன்றும் கேட்கவில்லை. அன்றும் கேட்கவில்லை, மறுநாளும் கேட்கவில்லை. ஆனால் சும்மாவும் இருக்க முடியவில்லை. "உங்க கூடத்துல வெளியாளுங்களை உள்ள விடுவாங்களா?" என்பார். "பம்பரம் இந்தப் பக்கம் வந்தாளா?" என்பார். அவள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே, "வருவா, போவா" என்பாள். அவளுடைய விரல்களையே பார்த்துக்கொண்டிருப்பார். எந்த விரலில் குத்தியிருக்கும்? அதைக் கேட்கவும் பம்பரம்தானே உரிமை எடுத்துக்கொண்டாள் என்று பொங்கிக்கொண்டு வரும். எழுந்து மாடிக்குப் போய்விடுவார்.

மழை விடவே இல்லை. வீடு முழுக்கக் குறுக்கும் நெடுக்கும் கொடி கட்டி, ஈரத்துணி தொங்கியது. ஒரு சாயங்காலம் மனைவி பின்கட்டில் படுக்கை விரிப்பை அலசி முடித்துவிட்டு, "என்னங்க, இந்த முனையைக் கொஞ்சம் பிடிங்க" என்று கூப்பிட்டாள். அவர் ஒரு முனையைப் பிடித்தார், அவள் மறுமுனையை. இருவரும் எதிரெதிராக முறுக்கினார்கள்.

"என்னைப் படத்துல இருந்து வெட்டச் சொன்னீங்களாமே?" என்றாள்.

அவர் கை நின்றது.

"முறுக்குங்க, தண்ணி நிக்குது. பம்பரம் போன் பண்ணுச்சு. மன்னிச்சுக்கங்கக்கா, சார் சொன்னா அதுல அர்த்தம் இருக்கும்னு ஒரே அழுகை. என்ன அர்த்தம்னு நீங்களே சொல்லுங்க."

"உன் வேலைக்காகத்தான்."

"என் வேலைக்காகன்னா என்கிட்டதானே கேக்கணும்? அவகிட்டச் சொல்லி வெட்டிட்டு, என் முன்னாடி உக்காந்து முட்டை தின்னீங்களே, அப்பக் கேட்டிருக்கலாம்ல?"

"நீ மட்டும் என்கிட்டச் சொன்னியா?" குரல் அவரையும் மீறி ஏறிவிட்டது. "அத்தனை மாசம்! ஊசி குத்தினதை எவளோ ஒருத்திகிட்டச் சொல்லத் தெரியுது, கட்டின புருஷன்கிட்டச் சொல்லத் தெரியலையா? ஊரே பாக்கப்போகுது. நான்தான் கடைசி ஆளு!"

"எவளோ ஒருத்தியா? நீங்க கூட்டிட்டு வந்த பிள்ளைதானே அது. இந்த வீட்டுல சோறு தின்ன பிள்ளை."

"பேச்சை மாத்தாதே. ஏன் சொல்லலை?"

அவள் விரிப்பின் முனையை இடுப்பில் அணைத்துக்கொண்டு நின்றாள்.

"சொல்லணும்னுதான் இருந்தேன். ஊசி குத்தின அந்த வாரமே நீங்க வந்தீங்க. வாசல்ல செருப்பைக்கூடக் கழட்டலை, குவாரியில ஒரு பொம்பளைக்குக் கை நசுங்கிப்போச்சுன்னு சொல்லிக் குலுங்கிக் குலுங்கி அழுதீங்க. ஞாபகம் இருக்கா? அவ பிள்ளைங்க என்ன படிக்குது, அவ எந்தக் கையால சோறு ஊட்டுவா, எல்லாம் சொன்னீங்க. நான் தண்ணி கொண்டுவந்து குடுத்தேன், முதுகைத் தடவிவிட்டேன். அதுக்கு மேல நான் என்னத்தைச் சொல்ல? எனக்கும் விரல்ல ஒரு ஊசி குத்திருச்சுன்னா?"

"சொல்லியிருக்கலாம்."

"எனக்கு அந்தப் பொம்பளை மேல எரிச்சலா வந்துச்சுங்க. கை போனவ மேல! இந்த மனுஷன் எனக்காக ஒரு நாளாச்சும் இப்படி அழுதிருக்காரான்னு வந்துச்சு. அந்தக் கேவலத்தை எங்க போய்ச் சொல்ல? அதான் வாயை மூடிக்கிட்டேன்."

கொடியிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. படக்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். தனக்கும் அப்படித்தான், இப்போது, அந்தப் பிள்ளை மேல் என்று சொல்லியிருக்க வேண்டும். கையிலிருந்த முனையை இன்னொரு சுற்று முறுக்கினார்.

"வேலை போகலாம், போகாமலும் இருக்கலாம்" என்றாள் அவள். "அது நாங்க எல்லாரும் உக்காந்து பேசி எடுத்த முடிவு. நீங்க போன் பண்ணித் திரும்பச் சேக்கச் சொல்லுங்க. ஏன் வெட்டச் சொன்னீங்கன்னும் நீங்களே சொல்லுங்க."

"என்ன சொல்றது?"

"அது உங்களுக்குத்தான் தெரியும்" என்று சொல்லிவிட்டு, முறுக்கின விரிப்பைப் படக்கென்று உதறினாள். அவர் முகத்தில் தண்ணீர் தெறித்தது.

போன் பண்ணினார். "அக்காவுக்கு ஆட்சேபம் இல்லையாம், சேத்துரும்மா" என்றார். அதோடு நிறுத்திக்கொண்டார். அந்தப் பக்கம் பம்பரம் குதிக்காத குறை. "தேங்க்ஸ் சார், நீங்கதான் சார்!" என்றாள். அந்த நன்றி அவருக்கு நெஞ்சில் அமிலம் ஊற்றியது போலிருந்தது.

சங்கத்துக் கட்டடத்தில் படம் போடப்போகிறார்கள் என்று சுவரொட்டி ஒட்டியதும், சலவைக்கூடத்துச் சூப்பர்வைசர் காதுக்கு விஷயம் போய்விட்டது. யாரையும் வேலையைவிட்டு நிறுத்தவில்லை. பன்னிரண்டு பேரை ஒரே நாளில் நிறுத்தினால் மறுநாள் ஆஸ்பத்திரிக்கு விரிப்பு போகாது. அதற்குப் பதில் படக்காரரின் மனைவியை மடிக்கிற இடத்திலிருந்து தூக்கி, மறுபடியும் பழைய பிரிக்கிற மேஜைக்கே போட்டார்கள். அழுக்கு மூட்டை வந்து முதலில் அவிழ்கிற இடம் அது. ரத்தமும் சீழும் நாற்றமும் அங்கேதான். அவள் கடைவீதியில் தோட்டக்காரர்கள் போடுகிற தடித்த கையுறை ஒரு ஜோடி வாங்கிக்கொண்டாள். அன்று வந்து குளிக்கப் போனவள் வெகுநேரம் வெளியே வரவில்லை. படக்காரர் கதவுக்கு வெளியே நின்றார். 'நான் சொன்னேன்ல' என்று சொல்ல ஒரு வாய்ப்பு. சொல்லவில்லை என்பதை அவர் கணக்கில் ஒரு நல்லதாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் படம். ஸ்கூட்டரில் மனைவியை அழைத்துக்கொண்டு போனார். சலவைக்கூடத்துப் பெண்கள் முன்வரிசைகளைப் பிடித்து உட்கார்ந்திருந்தார்கள். தங்கள் முகம் திரையில் வந்ததும் ஒருத்தியை ஒருத்தி இடித்துக்கொண்டு சிரித்தார்கள். "ஏய், உன் மூக்கைப் பாருடி!" என்று ஒரு குரல். படக்காரர் கடைசி வரிசையில், சுவிட்ச் பலகைக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டார்.

மனைவி வந்தாள். பல்செட்டுக்கு எல்லாரும் சிரித்தார்கள். ஊசிக்குச் சிரிப்பு அடங்கியது. "கோவம்னா நல்லதுதானே, யாரும் கிட்ட வந்து காரணம் கேக்க மாட்டாங்க" என்று சொன்ன இடம் வரை அவருக்குத் தெரியும். அதற்கு மேல் அவர் பார்த்ததில்லை.

அதற்கு மேல் பேச்சே இல்லை. மனைவி பேசி முடித்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தாள். பம்பரம் அடுத்த கேள்வி கேட்கவில்லை. கேமரா அசையவில்லை. மனைவி தலைத்துணியை அவிழ்த்தாள், மடியில் போட்டு மடித்தாள், மறுபடி பிரித்தாள். எங்கேயோ ஒரு இயந்திரம் ஓய்ந்தது. அவள் நிமிர்ந்து, கேமராவுக்குப் பின்னால் இருந்தவளைப் பார்த்து, ஏதோ சமாதானம் சொல்வதுபோல லேசாகச் சிரித்தாள். பிறகு, "ஒண்ணும் இல்லன்னு கடைசியில சொல்லிட்டாங்க. அன்னைக்கு வீட்டுக்கு வந்து பாயாசம் மாதிரி ஏதாச்சும் பண்ணணும்போல இருந்துச்சு. எதுக்குன்னு கேப்பாங்களேன்னு பண்ணலை" என்றாள்.

படக்காரருக்கு வயிறு எரிந்தது. அவராக இருந்தால் அந்த இடைவெளியில் நாலு கேள்வி கேட்டிருப்பார். 'அப்ப உங்களுக்கு எப்படி இருந்துச்சு?' என்று கேட்டிருப்பார். கேட்டிருந்தால் அந்தச் சிரிப்பு வந்திருக்காது. இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட அவ்வளவு நேரம் அவர் பேசாமல் இருந்ததில்லை. இவள் எங்கே கற்றுக்கொண்டாள்? நிச்சயமாக அவரிடம் இல்லை.

படம் முடிந்ததும் கைத்தட்டல் ஓயவில்லை. பம்பரத்தையும் மனைவியையும் நடுவில் வைத்துப் பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். ஒருத்தி படக்காரரைப் பார்த்து, "அண்ணே, சும்மாதானே நிக்கிறீங்க, எங்களை ஒரு போட்டோ எடுங்கண்ணே" என்று போனைக் கையில் திணித்தாள். அவர் எடுத்தார். "அந்தக் கடைசியில நிக்கிறவங்க கொஞ்சம் உள்ள வாங்க" என்று பழக்கதோஷத்தில் சொல்லவும் செய்தார். போனை வாங்கிப் பார்த்தவள், "பரவால்லண்ணே, நல்லாத்தான் எடுக்குறீங்க" என்றாள்.

திரும்பும்போது தூறல் போட்டது. பாதி வழியில் சிக்னலில் வண்டி நின்றதும் மனைவி, "படம் எப்படி இருந்துச்சு?" என்றாள்.

"ரெண்டு இடத்துல சவுண்டு சரியில்ல."

"ம்."

"மழை இரைச்சல் உள்ள வந்துருக்கு. முதல்லயே கவனிச்சிருக்கணும்."

"ம்" என்றாள் மறுபடியும். பின்னாலிருந்து அவர் தோளில் வைத்திருந்த கையை எடுத்துவிட்டு, வண்டிக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

பச்சை விளக்கு விழுந்தது. பின்னால் ஹாரன் அடித்தார்கள். படக்காரர் வண்டியை நகர்த்தவில்லை.

"நல்லா இருந்துச்சு" என்றார். "எனக்குப் பொறுக்கல, அவ்வளவு நல்லா இருந்துச்சு. அன்னைக்கு வெட்டச் சொன்னது அதனாலதான். உன் வேலை, அது இதெல்லாம் அப்புறம் வந்த பேச்சு."

"அது எனக்குத் தெரியும். அந்தப் பிள்ளைக்குத் தெரியுமா?"

அவர் வண்டியை வந்த வழியே திருப்பினார்.

சங்கத்துக் கட்டடத்தில் பம்பரம் மட்டும் தனியாகத் திரையைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். நனைந்து வந்து நின்றவரைப் பார்த்து, "என்ன சார், எதையாச்சும் விட்டுட்டீங்களா?" என்றாள்.

"உன் படத்துக்குப் பொறாமைப்பட்டுத்தான் வெட்டச் சொன்னேன்" என்றார் படக்காரர், ஒரே மூச்சில், மனப்பாடச் செய்யுள் ஒப்பிக்கிற பையன் மாதிரி. "அக்கா வேலைக்காக இல்ல."

பம்பரம் கையிலிருந்த திரை பாதி அவிழ்ந்து தரையில் உருண்டது. அவள் அதை எடுக்கவில்லை.

"உங்களைப் பத்தி ஒருத்தர் இப்படிச் சொல்லியிருந்தா நம்பியிருக்க மாட்டேன் சார்" என்றாள். கோபமா வருத்தமா என்று தெரியாத குரல். "அந்த வாரம் முழுக்க நான் தூங்கலை. இனிமே படமே எடுக்கக் கூடாதுன்னு இருந்தேன்."

"சரிதான்" என்றார். வாசல்வரை போனவர் திரும்பி நின்றார். "ஒண்ணு மட்டும் கேக்கலாமா? அவ பேசி முடிச்ச பிறகு, அவ்வளவு நேரம் நீ எப்படிப் பேசாம இருந்தே? என்னால முடிஞ்சதே இல்ல."

பம்பரம் அவரை வினோதமாகப் பார்த்தாள்.

"நான் எங்க சார் பேசாம இருந்தேன்? அழுதுக்கிட்டிருந்தேன். வாயைத் திறந்தா விம்மல் வந்துரும்னு கையைக் கடிச்சுக்கிட்டு இருந்தேன். அக்காதான் கண்ணால, விடு விடுன்னாங்க."

படக்காரர் தலையை ஆட்டினார். ஆட்டிக்கொண்டே இருந்தார். பிறகு வெளியே வந்தார். மனைவி கடை ஒன்றின் தகரக் கூரைக்குக் கீழே ஒதுங்கி நின்றிருந்தாள்.

"சொல்லிட்டீங்களா?"

"சொல்லிட்டேன்."

"என்ன சொல்லுச்சு?"

"மன்னிச்ச மாதிரி தெரியல."

"ஏன் மன்னிக்கணும்?" என்று ஏறி உட்கார்ந்தாள். "மெதுவா ஓட்டுங்க, ரோடு வழுக்கும்."

கொஞ்ச தூரம் போனார்கள். தூறல் அவர் கண்ணாடியில் விழுந்து எதிரே வந்த விளக்குகளையெல்லாம் பெரிதாக்கியது.

"ஊசி குத்தினப்ப ரொம்ப வலிச்சுதா?" என்றார்.

அவள் உடனே பதில் சொல்லவில்லை. காதில் விழவில்லையோ என்று நினைத்தார். மறுபடி கேட்க வாய் துறுதுறுத்தது. கேட்கவில்லை.

"ஊசி என்ன பெருசா வலிக்கும்?" என்றாள் கடைசியில். "எறும்பு கடிச்ச மாதிரிதான். அதுக்கப்புறம் கையுறையைக் கழட்டிப் பாத்தேன் பாருங்க, அப்பத்தான்..."

படக்காரர் வண்டியின் வேகத்தை இன்னும் குறைத்தார்.